எருக்குழி மண்ணுக்கு வந்த நல்ல மார்க்

முப்பது வருடம் பரீட்சை ஹாலில் காப்பி அடித்தவர்களைப் பிடித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு மண் பரிசோதனையில் நானே காப்பி அடித்தேன்.

உத்திரமேரூர்ப் பக்கம் என் மனைவிக்குத் தாய்வீட்டுப் பங்காக வந்த நிலம் அது. அதில் கத்தரி வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "பொம்பள பயிர் வெச்சி இன்னா ஆவப் போவுது?" என்று அவள் அண்ணன் சிரித்தார். நாற்று விடுவது, நடுவது எல்லாம் அவள் பொறுப்பு. மண் மாதிரி எடுக்கிற படித்த வேலை மட்டும் எனக்கு.

வயலில் பத்து இடத்தில் குழி வெட்டி, மண்ணைக் கலந்து அனுப்ப வேண்டும், எருக்குழிப் பக்கம் எடுக்கவே கூடாது என்று வேளாண் அலுவலகத்தில் தெளிவாகத்தான் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஊரில் மண்ணுக்கும் மானம் உண்டு. பக்கத்து நிலத்துக்காரருக்குத் 'தழைச்சத்து குறைவு' என்று மண்வள அட்டை வந்தபோது டீக்கடையில் அவரை ஒரு வாரம் ஓட்டினோம். அதிகம் ஓட்டியது நான். எனவே, எருக்குழி ஓரம் மக்கிக் கறுத்துக் கிடந்த மண்ணில் இரண்டு கை அள்ளிப் பையில் கட்டினேன்.

அட்டை வந்தது. எல்லாச் சத்தும் 'அதிகம்'. டீக்கடையில் ஒருவர் விடாமல் காட்டினேன். அதை நம்பி அவள் அடியுரமும் போடவில்லை, மேலுரமும் போடவில்லை. செடி முழங்கால் உயரம் வருவதற்குள் அடியிலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. அண்ணனுக்குத் திடீரென்று எங்கள் வரப்பில்தான் காலை நடை.

ஒருநாள் அவள் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள்.

"மண்ணுல எல்லாம் கீதுன்னு அட்டையில போட்டுக்கீது. அப்ப என் கைதான் ராசியில்லியா? அண்ணன் சொன்னது நெசந்தானா?"

எருக்குழி முதல் டீக்கடை வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"செடி மஞ்சளாவறத தெனம் பாத்துக்கினுதான இருந்தீங்க?" என்றாள்.

அதன்பிறகு போட்ட உரம் எடுபடவில்லை. அந்தப் போகம் தேறவில்லை. நிலம் காலியானதும் பத்துக் குழியையும் அவளே வெட்டினாள், மண்ணைக் கோணியில் கொட்டிக் கலந்தாள், பையில் கட்டினாள். பையோடு அனுப்பும் சீட்டில் 'விவசாயி பெயர்' என்ற இடத்தில் போன தடவை போலவே என் பெயரை எழுதப் போனேன்.

பேனாவைப் பிடுங்கித் தன் பெயரை எழுதினாள்.