வெடிப்பு என்று எழுதிய பாடம்

மேலப்பாளையம் முகம்மது மைதீனுக்கு ஆற்றுத் தண்ணீரைக் கணக்கால் வரைந்துவிட வேண்டும் என்று ஆசை. பாளையங்கோட்டையில் நேசையா நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் அவன் பாடம் சொல்லிக்கொடுத்தான். 1996இல் ஒரு பத்திரிகையோடு வந்த சிடியில் படம் வரையும் மென்பொருள் ஒன்று இருந்தது. அதற்கு விலை கிடையாது. எழுதியவர்கள் மூல நிரலையும் கூடவே வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம். ஒரு பரப்பில் வெளிச்சம் எப்படி விழும், அந்தப் புள்ளி என்ன நிறமாகத் தெரியும் என்று கணக்கிடும் சிறு நிரல்களை நாமே எழுதிச் சேர்க்கலாம். அவற்றுக்கு ஷேடர் என்று பெயர்.

வண்ணாரப்பேட்டைப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவான். திரையில் தண்ணீர் வடிகஞ்சி மாதிரி வரும். மறுபடி எழுதுவான்.

சிடியில் கண்ட ஒரு முகவரிக்குச் சந்தேகங்களை எழுதி அனுப்பினான். நெதர்லாந்திலிருந்து யாரோ ஒருவர் பதிலோடு ஃப்ளாப்பிகளும் பாடங்களும் அனுப்பிவைத்தார். பணம் வேண்டாம், கற்றதை நாலு பேருக்குக் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருந்தார். மைதீன் அந்தப் பாடங்களைத் தமிழில் எழுதி, ஜெராக்ஸ் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தான். ஆழ்வார்குறிச்சியில் கணக்கு டீச்சராக இருந்த தேவமணி சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து வாங்கிப்போவாள்.

1998இல் கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்தன. மேலப்பாளையத்துப் பையன்களைப் போலீஸ்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு மத்தியானம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மைதீனைத் தேடி வந்தார்கள். அவன் பெயருக்கு வெளிநாட்டுப் பார்சல் வருகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர், சென்டரில் அவன் மேசைமேல் கிடந்த தாள்களைப் புரட்டினார். ஒன்றில் கை நின்றது. ‘வெடிப்பு உண்டாக்குவது எப்படி’ என்பது தலைப்பு. கீழே வெடிப்பின் ஆழம், அது பரவும் தூரம் என்று சூத்திரங்கள்.

“என்னலே இது?”

“சார், குளம் வத்தினா மண்ணு வெடிக்கும்லா, அந்த வெடிப்பு சார். படத்துல வரையுததுக்கு.”

“இதையெல்லாம் சும்மாவா அனுப்புதான் வெள்ளைக்காரன்?”

“சும்மாதான் சார்.”

“எவம்லே சும்மா குடுப்பான்?” என்று கேட்டபடியே அறைந்தார்.

கொடுத்தவரை மைதீன் பார்த்ததுகூட இல்லை. நேசையாவை அழைத்து விசாரித்தார்கள். “கம்ப்யூட்டர் என்னுது. அதுல அவன் என்ன செஞ்சாம்னு எனக்குத் தெரியாது சார்” என்றார் அவர். மைதீன் கம்ப்யூட்டரில் ஒரு பானையை வரைந்து உருட்டிக்காட்டியபோது மகளைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டியவர்தான்.

வழக்கு எதுவும் போடாமல் அடைத்துவைத்திருந்து, சில வாரங்கள் கழித்து வெளியே விட்டார்கள். அதற்குள் அவனுக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது. பிடித்துப்போன ஃப்ளாப்பிகள் திரும்பவில்லை. வீட்டில் மிச்சமிருந்த தாள்களை அவன் உம்மா ஜனாபா அடுப்பில் வைத்துவிட்டாள்.

“எரிச்சுட்டேன் வாப்பா. மறுபடி வந்து தேடினாம்னா நான் என்ன செய்வேன்?” என்று அழுதாள்.

“நல்லதும்மா” என்றான். அன்று அவன் சாப்பிடவில்லை.

சென்டருக்குப் போனபோது நேசையா வாசலிலேயே நிறுத்திப் பேசினார். “கொஞ்ச நாள் போவட்டும் தம்பி. பிள்ளையளைப் பெத்தவங்க பயப்படுதாங்க.” கொஞ்ச நாளும் போனது. நேசையா கூப்பிடவில்லை. சவூதிக்குப் போகலாம் என்றால் பாஸ்போர்ட் விசாரணையில் தட்டிப்போனது. பஜாரில் இருந்த மாமாவின் பலசரக்குக் கடையில் மைதீன் வேலைக்கு நின்றான்.

அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை தேவமணி கடைக்கு வந்தாள். தன்னிடம் இருந்த பாடங்களையெல்லாம் திருத்தி எழுதிக் கொண்டுவந்திருந்தாள். வெடிப்பு என்று இருந்த இடங்களில் விரிசல் என்று மாற்றியிருந்தாள்.

“ஸ்கூல்ல கம்ப்யூட்டர் வந்திருக்கு சார். பிள்ளைகளுக்குக் குடுக்கப்போறேன். மேல உங்க பேரைப் போடட்டுமா?”

அவன் கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பியிருந்தான்.

“பேரு வேண்டாம் டீச்சர்.”

“நீங்க எழுதினதுல்லா?”

“அதனாலதான் சொல்லுதேன். உங்க பேரும் வேண்டாம். யாரு குடுத்தான்னு கேட்டா, எங்கனயோ கெடந்ததுன்னு சொல்லுங்க.”

அவள் தாள்களை நீட்டினாள். அவன் வாங்கிப் பார்க்கவில்லை. பின்னால் ஒருவர் உளுந்து கேட்டார். மைதீன் கரண்டியை எடுத்துக்கொண்டு சாக்குப் பக்கம் திரும்பினான். தேவமணி தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பிள்ளைகளிடம் அந்தப் பாடம் பெயரில்லாமல்தான் போனது. மைதீன் அதன் பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவே இல்லை.