கதவுக்கு வெளியே நின்றவள்

வகுப்பில் எல்லோரும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி ஆயுளைத் தையல் மிஷினில் மிதித்துத் தீர்த்துவிட்டு, மகள் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும்போது லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தவளை வேறெப்படிக் கூப்பிடுவது? வீட்டில் மகள்தான் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் கேள்வி கேட்டுச் சோதிப்பாள்.

"ஊசி குத்தி முடிச்சப்புறம் திரும்ப மூடி போடலாமா?"

"கூடாது. அப்படியே டப்பாவுல போட்டுடணும்."

"ஒரு ரூம்ல யாரோ மயங்கிக் கிடக்காங்க. என்ன செய்வே?"

"ஓடிப்போய்த் தூக்குவேன்."

"போச்சு, ஃபெயில்! உள்ள என்ன காத்து இருக்குன்னு தெரியாம ஓடினா நீயும் பக்கத்துல விழுவே. அப்புறம் எனக்கு யாரு சமைச்சுப் போடுவா?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஓர் அறை இருந்தது. ரத்த மாதிரிகளை உறைய வைக்கும் பெரிய எஃகுக் கலங்கள், அவற்றுக்குள் திரவ நைட்ரஜன். ஜன்னல் கிடையாது, கதவில் மட்டும் முகமளவு கண்ணாடி. அங்கே பெருக்குகிற அம்மாள் ஒருநாள் அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பேய்னு சொல்லலம்மா. ஆனா உள்ள என்னமோ இருக்கு. போன வாரமெல்லாம் பெருக்கும்போது காரணமே இல்லாம சிரிப்பு வந்துச்சு. வெளிய வந்தா தலை கிர்ருன்னு சுத்துது."

சித்தி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் மதியம் ஒரு மாதிரிப் பெட்டியை எடுத்துவர அவளையும், நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடும் வகுப்புத் தோழனையும் அனுப்பினார்கள். நீளக் கால்காரன், முன்னால் போய்விட்டான். அவள் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே கதவை நெருங்கியபோது, அது அவன் பின்னால் மெல்ல மூடிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவரில் ஆக்சிஜன் அளக்கும் கருவி. சத்தம் வரும் துளையில் யாரோ பஞ்சை அடைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். அதற்கு மேலே சிவப்பு விளக்கு சத்தமில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே அவன் சிரிப்பது கேட்டது.

"டேய், வெளிய வா!"

"சித்தி... இங்க வந்து..." மறுபடி சிரிப்பு. அது பாதியில் அறுந்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கணுக்காலைச் சுற்றி வெள்ளையாகப் பனிப்புகை தவழ்ந்தது. உதட்டில் சிரிப்பு அப்படியே ஒட்டியிருந்தது. கண்கள் திறந்து அவளையே பார்த்தன.

அவள் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. இரண்டெட்டு வைத்தால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிடலாம். கசிகிற நைட்ரஜன் அறையிலுள்ள ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும், அதற்கு மணம் கிடையாது, மூச்சு முட்டுவதும் தெரியாது என்று படித்தது ஞாபகம் வந்தது. கூடவே மகளின் குரல். போச்சு, ஃபெயில்.

பிடியை விட்டாள். வெளியேயிருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைத் தட்டினாள். அபாய மணியை அமுக்கினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கதவுக்கு அடியில் அந்த வெள்ளைப் புகை கசியத் தொடங்கியதும் ஓரடி பின்னால் நகர்ந்தாள். அதையும் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை அவன் விரல் அசைந்தது, வா என்பதுபோல.

முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிய காவல் ஆட்கள் வந்து அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். உயிர் இருந்தது.

குழாய் மூட்டு ஒன்று நாள்கணக்கில் கசிந்திருந்தது. பிளாஸ்திரி ஒட்டியது யாரென்று கடைசிவரை யாரும் வாய் திறக்கவில்லை. சேதி கேட்ட பெருக்குகிற அம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெட்டையனின் அம்மா வார்டு வாசலில் சித்தியைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நீ பக்கத்துலதானேம்மா நின்னே?" அதன்பிறகு வீட்டில் எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் அவன் முகம் முதலில் வந்து போயிற்று.

சில மாதங்கள் கழித்து அவன் வீட்டுக்கே வந்தான். இளைத்திருந்தான், பேச்சில் இடையிடையே சொல் கிடைக்காமல் நின்றான்.

"எனக்கு எல்லாம் தெரிஞ்சுது சித்தி. கை காலுதான் வரல. நீங்க பின்னாடி நகர்ந்தீங்க."

"ஆமா."

"உள்ள வர நினைச்சீங்களா?"

"கை பிடியிலதான் இருந்துச்சுடா."

"பாத்தேன். அந்தக் கையைத்தான் பாத்துட்டே இருந்தேன்." தன் விரல்களை மடக்கி விரித்தான். "திறக்கணும்னு வேண்டினேனா, திறக்கக் கூடாதுன்னு வேண்டினேனா... அதுதான் ஞாபகம் வரல."

மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்துவிட்டு, மறுபடி படிக்கச் சேரப்போவதாகச் சொன்னான். பழைய பாடங்களை ஒருமுறை சொல்லித் தர முடியுமா என்று கேட்டான். சித்தி பேச வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. மகளே புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.