இத்தாலிக்காரர் இடப்பக்கம் தள்ளிய பந்து

எங்கள் ஊரில் இத்தாலிக்காரர் ஒருவர் மூன்று மாதம் தங்கியிருந்தார் என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. திருத்தணிக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் உண்டு, மொட்டை போட வருகிறவர்கள் உண்டு. அவர் மெஷினோடு வந்தார். ஊருக்கு வெளியே இருந்த நூல் மில்லுக்குப் புதிதாக வாங்கிய மெஷின்களைப் பூட்டி, ஓடவிட்டுப் போவதற்காக விற்ற கம்பெனி அவரை அனுப்பியிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது.

நைனா அந்த மில்லில் ஃபிட்டர். நைனாவின் இங்கிலீஷும் அவருடைய இங்கிலீஷும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு உடைந்திருந்ததால் இருவரும் தடையில்லாமல் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேன்டீன் கிடையாது. அன்றைக்கு மட்டும் நைனா அவரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வருவார். அம்மா அவருக்காகக் காரத்தைப் பாதியாகக் குறைப்பாள். அப்படியும் அவருக்குக் கண்ணில் நீர் வரும். அதைத் துடைத்துக்கொண்டே இரண்டாம் முறை சோறு கேட்பார். அம்மா அவரைத் துரை என்றுதான் சொல்லுவாள். நாங்களும் அப்படியே சொன்னோம்.

மெக்கானிக் ஆவதற்கு முன்னால் துரை கால்பந்து ஆடிப் பிழைத்தவர் என்பது அப்படி ஒரு சாப்பாட்டின்போதுதான் தெரிந்தது.

"பந்து ஆடறதுக்கா சம்பளம் குடுப்பாங்க?" என்று அம்மா நைனாவிடம் கேட்டாள். நைனா அதை அவரிடம் கேட்டார். துரை கொஞ்சம் யோசித்து, ஆமாம், ஆனால் குறைவாகத்தான் கொடுத்தார்கள் என்றார்.

பதினாறு வயதில் சொந்த ஊரில் ஆட ஆரம்பித்தாராம். அங்கேயும் ஒரு நூல் மில் உண்டாம். பிறகு பக்கத்துப் பெரிய ஊர்க்காரர்கள் கூப்பிட்டுக்கொள்ள, அந்த ஒரே டீமுக்குப் பதினோரு வருஷம். அதில் ஒரே ஒரு வருஷம் நாட்டின் முதல் வரிசை டீம்களோடு மோதும் பாக்கியம் கிடைத்தது. அடுத்த வருஷமே தோற்றுப் பழைய வரிசைக்கு இறங்கிவிட்டார்கள். முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் நடுவில் ஆடுகிறவர் அவர். இதையெல்லாம் சொல்லும்போது அவர் நான் என்று சொல்லவில்லை, நாங்கள் என்றே சொன்னார். எத்தனை கோல் போட்டீர்கள் என்று நைனாவைக் கேட்கச் சொன்னேன். நான்கு விரலைக் காட்டினார். பதினோரு வருஷத்துக்கு நாலு கோல் என்றதும் எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை பெரிதும் குறைந்துபோனது.

அந்த மரியாதை குறையாதவர் என் மாமா மட்டுமே. அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டோடு இருந்தார். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை தவறிவிட்டு, மில்லில் வேலை கிடைக்குமா என்று ஒரு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தார். பந்து மட்டும் நன்றாக ஆடுவார். மில் மேனேஜருக்குக் கால்பந்துப் பைத்தியம் உண்டு. அரக்கோணத்து டீமோடு ஆட்டம் வைத்திருக்கிறேன், நீயும் வந்து ஆடு, ஜெயித்தால் உன் விஷயத்தைப் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அம்மா அன்றைக்கே மலையில் அர்ச்சனைக்கு வேண்டிக்கொண்டாள்.

ஆட்டம் மலையடிவாரத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்துகூட பஸ் ஏறி ஆட்கள் வந்திருந்தார்கள். காலையில் பார்த்தால் மில் டீமில் ஒருவருக்குக் காய்ச்சல். எல்லோரும் துரையைக் கூப்பிட்டார்கள். அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டு மரநிழலில் நின்றுகொண்டார். பந்தைத் தொட்டே ஐந்து வருஷம் ஆகிறது என்று நைனா எங்களுக்குச் சொன்னார். நான் நேராக அவரிடம் போய், எங்கள் மாமாவுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் அதிகம் ஓடவில்லை. நடுவில் நின்றபடி, வருகிற பந்தை எல்லாம் ஒரு தட்டில் அடக்கினார். அடக்கிய பந்தைத் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் இடப்பக்க மூலைக்குத் தள்ளினார். அங்கே யாருமில்லை. பந்து தானாக உருண்டு கோட்டைத் தாண்டிப் போனது. ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஐந்து, ஆறு தடவை அப்படியே செய்தார். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. தொரைக்கு மெஷின்தான் தெரியும் என்று யாரோ கத்தினார்கள். நான்தானே கூப்பிட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது. பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் ஒரு கோல் பின்னால் இருந்தோம்.

வலப்பக்கம் ஆடிய மாமா தண்ணீர் குடிக்க நைனாவிடம் வந்தார்.

"அவரு தப்பா அடிக்கலீங்க பாவா. அங்க யாரோ ஓடியாறாங்கனு நெனச்சிகினுதான் அடிக்கிறாரு. நான் அந்தப் பக்கம் போயி ஓடனா இன்னா?"

"போய்தான் பாரேன்" என்றார் நைனா.

மாமா இடப்பக்கத்துக்கு மாறினார். துரை மறுபடியும் அதே மூலைக்குத் தள்ளினார். இந்தத் தடவை பந்து போய்ச் சேர்ந்த இடத்துக்கு மாமாவும் போய்ச் சேர்ந்தார். எதிரில் ஒருவருமில்லை. கோல்.

மாமா ஓடி வந்து துரையைக் கட்டிக்கொண்டார். துரை உடனே விடவில்லை. மாமாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, தொலைத்த பொருள் கிடைத்தவர் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கூச்சத்தில் நெளிந்தார். ஆட்டம் முடிவதற்குச் சற்று முன் அதே மூலையிலிருந்து இன்னொரு கோல் விழுந்தது.

திங்கட்கிழமை வந்து பார் என்று மேனேஜர் சொன்னதும் மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். துரையைக் காணவில்லை. அவர் மைதானத்தின் கோடியில், அந்த இடப்பக்க மூலைக்குப் பக்கத்திலேயே, தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலி போலிருக்கிறது என்று நினைத்து, நைனாவிடம் காசு வாங்கி ஒரு கோலி சோடா உடைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கண்ணில் நீர் வழிந்தது. அன்றைக்கு அவர் காரம் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. சோடாவை வாங்கிக்கொண்டு, எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தபடி ஒரு சொல்லை இரண்டு தடவை சொன்னார்.

"பிரதெல்லோ... பிரதெல்லோ."

இரண்டு வாரத்தில் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, அவரும் கிளம்பினார். ரயிலேற்றிவிட்டு வந்த நைனா அம்மாவிடம் சொன்னார்:

"அவருக்கு ஒரு தம்பியாம். ரெண்டு பேரும் ஒரே டீமாம். இவரு நடுவுல, அவன் இடப்பக்கம். மோட்டார் சைக்கிள்ல போவும்போது லாரி மோதிச் செத்துட்டானாம். அதோட ஆட்டத்த வுட்டுட்டாராம்."

அம்மா எழுந்து போய்த் தன் தம்பிக்குச் சோறு போட்டாள். எப்போதும் வைப்பதைவிட அதிகமாக வைத்தாள்.

எனக்கும் அந்தத் தம்பிக்காகக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஆனால் அதற்கும் துரை மூலையில் உட்கார்ந்து அழுததற்கும் நான் முடிச்சுப் போடவில்லை. அன்றைக்கு அவர் சொன்ன அந்தச் சொல்லுக்கு உடன்பிறந்தவன் என்று அர்த்தம் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது நான், அவர்கள் பாஷையில் சோடாவுக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொண்ட பெருமையில் இருந்தேன். தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். அது எல்லோர் வாயிலும் ஏறி, கடைசியில் பெட்டிக்கடைக்காரருக்கும் தொற்றிக்கொண்டது. நான் போய் நின்றால் போதும், "எத்தினி பிரதெல்லோ வேணும் பாப்பா?" என்று கேட்பார்.

ஒன்று போதும் என்பேன்.