மூன்றாம் பூச்சு

அளவெட்டியில் உதயகலாவின் வீட்டைத் தேடி வருகிறவர்கள் அலைய வேண்டியதில்லை. "கியூட்டெக்ஸ் அடிக்கிற கலாவோ?" என்று கேட்டுவிட்டு, ஒழுங்கை முடிவில் நிற்கிற நீலக் கேற்றைக் கையால் காட்டிவிடுவார்கள். நகப்பூச்சு எந்தக் கொம்பனி செய்ததாக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் அதற்குக் கியூட்டெக்ஸ் என்றுதான் பெயர். வழி காட்டுகிறவர்களில் பாதிப் பேர் கூடவே ஒரு பெருமூச்சும் விடுவார்கள். புருசனைப் பறிகொடுத்தவளுக்கு இதென்ன ஆட்டம் என்று அதற்குப் பொருள். அந்தப் பெருமூச்சுக்காரர்களின் மகள்மார்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய விறாந்தையில் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக இருக்கிறவர்கள். அதைப் பற்றி மட்டும் ஒருத்தரும் மூச்சு விடமாட்டார்கள்.

அவளுடைய புருசன் குகதாசன் இருந்த காலத்தில் ஓட்டோ ஓட்டினான். பெண்சாதிக்கு நகை வாங்கிக் கொடுக்க அவனிடம் வழியில்லை. நல்லூர்த் திருவிழாக் கடைகளில் வருசா வருசம் ஒரு சிவப்புக் கியூட்டெக்ஸ் வாங்குவான். வைரம் வாங்கியவன் மாதிரிச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிக்கொண்டு வருவான். ஒரு நாள் காலையில் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தான். மாரடைப்பு என்றார்கள். உதயகலாவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது, பிள்ளை குட்டியும் இல்லை. செத்த வீட்டுக்கு வந்த பெண்கள் பொட்டை அழித்தார்கள், காப்பைக் கழற்றினார்கள், நிறச் சேலைகளை மடித்து யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த சிவப்புப் போத்தலை மட்டும் அவர்கள் காணவில்லை.

ஆண்டுத் திவசம் முடிந்து ஒரு நாள் அதைக் கையில் எடுத்தாள். உள்ளே பூச்சு பாகு மாதிரி இறுகிப் போயிருந்தது. எறிய மனம் வரவில்லை. நிறமில்லாத பூச்சு ஒரு போத்தல் வாங்கி வந்து, அதற்குள் அந்தச் சிவப்பை ஈர்க்கினால் தொட்டு இரண்டு துளி விட்டுக் குலுக்கினாள். ஊடாகப் பார்த்தால் மறுபக்கம் தெரிகிற மெல்லிய ரோசா நிறம் வந்தது. நகத்தில் ஒருதரம் பூசிப் பார்த்தாள். நகம் கொஞ்சம் தெளிச்சியாகத் தெரிந்ததே தவிர, பூச்சென்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு அவள் சிரித்தாள். தனியே இருந்து வயிறு நோகச் சிரித்தாள்.

அந்தப் பூச்சின் சூக்குமம் அவளுக்குக் கெதியில் பிடிபட்டது. ஒரு பூச்சு, பூசியவளுக்கு மட்டும் தெரியும். இரண்டென்றால் கிட்ட நிற்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். மூன்றென்றால் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் தெரியும். கனகாலம் அவள் ஒன்றோடு இருந்தாள். பிறகு துணிந்து இரண்டு பூசினாள். கோயிலில் திருநீற்றுக்குக் கை நீட்டியபோது பக்கத்தில் நின்ற குணலட்சுமி கண்டுவிட்டாள்.

குணலட்சுமி அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிறவள். மகள் ஜெயனி முதலாம் வகுப்புப் படிக்கையிலேயே புருசனை இழந்தவள். அன்று தொட்டு வெளிறின சேலை, குனிந்த தலை. கோயில் வீதியில் வைத்து உதயகலாவின் முழங்கையைப் பிடித்து மெல்லச் சொன்னாள்.

"ஒண்டோடை நிப்பாட்டு கலா. ஒண்டெண்டால் ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கும் ஆசை தீரும், சனமும் கதைக்காது."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதனால்தான் உதயகலாவுக்குக் கூடுதலாக எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். நேரே வீட்டுக்குப் போய், யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டிருந்து, மூன்றாவதையும் பூசினாள்.

சனம் கதைத்தது. கதைத்துக் கதைத்து அலுத்தும் போயிற்று. அப்போது ஏ.எல். சோதினை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த ஜெயனிதான் முதன்முதலாக அந்த விறாந்தைக்கு வந்து, "எனக்கும் அடிச்சு விடுங்கோ அக்கா" என்று கையை நீட்டியவள். பிறகு அவளுடைய கூட்டாளிகள் வந்தார்கள். உதயகலா கைபேசியில் பார்த்துப் பார்த்துப் பழகினாள். மெல்லிய பூச்சில்தான் வித்தை காட்டலாம் என்று கண்டுபிடித்தாள். ஒரு பூச்சுக் காய்ந்ததும் அதன் மேல் மயிர் மாதிரித் தூரிகையால் பூவோ புள்ளியோ வைப்பாள். அதற்கு மேல் அடுத்த பூச்சு. படம் மேலே ஒட்டினது போல இராது, நகத்துக்குள்ளே இருந்து வந்தது போலத் தெரியும். ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும். அவசரப்படுகிறவளை எழுப்பி அனுப்பிவிடுவாள்.

கலியாண வீடுகள்தான் கரைச்சல். அங்கேயும் அவளைக் கூப்பிடுவார்கள், பின்பக்கத்தால். சமையல் நடக்கிற குசினிக்குள் வைத்துக் கலியாணப் பொம்பிளையின் கைக்குப் பூச வேண்டும். யாரும் வந்தால் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட வேண்டும். தாலி ஏறப்போகிறவளின் கையைத் தாலி இழந்தவள் பிடித்திருக்கக் கூடாதாம். அவள் பூசின நகம் மட்டும் மணவறையில் இருக்கலாம், படமெடுக்கிறவனும் கிட்டப் போய் எடுக்கலாம். நல்ல நியாயம்தான், போங்கள். உதயகலா சில வருசம் பல்லைக் கடித்துக்கொண்டு பின்பக்கத்தால் போய் வந்தாள்.

இந்த ஆனியில் ஜெயனிக்குக் கலியாணம். அவளே வந்து சொன்னாள். "முன்னாலை வாங்கோ அக்கா. பின்னாலை வந்தால் நான் கை தரமாட்டன்." அன்றைக்கே உதயகலா மனதில் ஒன்றை முடிவு கட்டினாள். இந்த முறை முன்வாசல். அது நடக்காவிட்டால் இனி எந்தக் கலியாண வீட்டுப் படியும் மிதிப்பதில்லை.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம், தனக்கும் மூன்று பூச்சுப் பூசிக்கொண்டு, வாழை கட்டின வாசலால் எல்லாரும் பார்க்கப் போனாள். ஹோலில் பாய் விரித்து ஜெயனி காத்திருந்தாள். உதயகலா அவளுடைய இடது கையை மடியில் வைத்துக்கொண்டு தொடங்கினாள். முதல் பூச்சின் மேல் ஒவ்வொரு நகத்திலும் ஒரு பச்சை அறுகம்புல், நுனியில் தங்கத் தூள் ஒரு பொட்டு. மேலே இன்னும் இரண்டு பூச்சு. தண்ணீருக்கு அடியில் புல் கிடப்பது போல இருந்தது. ஜெயனி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரியான வடிவு அக்கா" என்றாள்.

வலது கையைத் தூக்குகிற நேரம் அருந்ததி மாமி உள்ளே வந்தாள். மாமி என்றால் ஜெயனியின் தகப்பனுடைய கூடப் பிறந்தவள். நாளைக்குத் தாய் தகப்பன் இடத்தில் மணவறையில் இருக்கப்போவது அவளும் புருசனும்தான். உதயகலாவின் முகத்தைப் பார்க்காமலே குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"மச்சாள், இஞ்சை ஒருக்கால் வாங்கோ. பொன்னுருக்கி, கன்னிக்காலும் நட்ட வீடு. பிள்ளையின்ரை கை ஆற்ரை மடியிலை கிடக்கெண்டு பாத்தனீங்களோ?"

குணலட்சுமி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் குசினி நிலையோடு நின்றுவிட்டாள். கலியாண வேலை தொடங்கினதிலிருந்து அந்த நிலையைத் தாண்டி ஹோலுக்குள் அவள் கால் வைக்கவில்லை.

"குறை நினையாதை கலா. பிள்ளையைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு வாறன். அங்கை வைச்சு மற்றக் கையை முடிச்சு விடு. நானும் அங்கைதானே நிக்கிறன்."

"நீங்கள் நிக்கிறியள் அக்கா. நான் நிக்கமாட்டன்."

உதயகலா போத்தல்களை ஒவ்வொன்றாக மூடினாள். அவசரம் காட்டாமல் பெட்டிக்குள் அடுக்கினாள்.

"உவளின்ரை வாயைப் பாருங்கோவன்" என்றாள் மாமி.

"வாய் மட்டுமில்லை மாமி, காலும் இருக்கு. முன்னாலை வந்தனான், முன்னாலை போறன். மற்றக் கை வேணுமெண்டால் பிள்ளை என்ரை வீட்டை வரட்டும். கேற் திறந்துதான் கிடக்கும்."

வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. தாலிக்குப் பொன்னுருக்கின பிறகு, தாலி ஏறும் வரைக்கும் பொம்பிளை வீட்டுப் படி தாண்டக் கூடாது. இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். கோபத்தில், நடக்க முடியாத ஒன்றை அல்லவா சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நாளைக்கு அந்தப் பிள்ளை ஒரு கை வடிவாகவும் மறு கை வெறுமையாகவும் மணவறையில் இருக்கப் போகிறதே. இரண்டு தரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேற்றடி வரை போனாள். திரும்பிப் போனால் குசினிக்குத்தான் போக வேண்டும். இரண்டு தரமும் திரும்பி வந்துவிட்டாள்.

பொழுது படுகிற நேரம் ஒழுங்கையில் ஒரு சலசலப்புக் கேட்டது. ஜெயனி வந்துகொண்டிருந்தாள். வீட்டுச் சட்டையோடு, காலில் செருப்பும் இல்லாமல், நடு ஒழுங்கையால் நிமிர்ந்து நடந்து வந்தாள். வேலிக்கு வேலி தலைகள் நீண்டன. வந்தவள் நேரே விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, வலது கையை மேசையில் வைத்தாள்.

"கெதியா அடியுங்கோ அக்கா."

"உனக்கென்ன விசரோ? பொன்னுருக்கின பிறகு வெளிக்கிடக் கூடாதெல்லோ."

"நீங்களே உதைச் சொல்லுறியள்?" என்றாள் ஜெயனி.

உதயகலாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. போத்தலைத் திறந்தாள்.

முதல் பூச்சுக் காய்ந்து, புல்லுகள் முளைத்து, இரண்டாவது பூசி முடிகிற நேரம் குணலட்சுமி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். தலைமயிர் குலைந்திருந்தது.

"எழும்பு பிள்ளை. மாமி அங்கை குதிக்கிறா."

"காயேல்லை அம்மா. எழும்பினால் எல்லாம் பழுதாப் போகும்."

மகளின் கையைப் பிடித்து இழுக்கக் குணலட்சுமி கையை நீட்டினாள். ஈரமான நகங்களைப் பார்த்ததும் எங்கே பிடிப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது அந்தக் கை. கறிக்கு வெங்காயம் உரித்த மணம் அதில் அடித்தது.

உதயகலா தூரிகையைக் கீழே வைத்தாள். "அக்கா, நாளைக்கு அறுகரிசி போட நீங்கள் மணவறைக்கு வருவியளோ?"

அறுகம்புல்லும் அரிசியும் அள்ளித் தலையில் போட்டு மாப்பிள்ளை பொம்பிளையை வாழ்த்துவதைத்தான் கேட்டாள். சோடி சோடியாகத்தான் அதற்கு ஏறுவார்கள்.

"நான் எப்பிடி? மச்சாளவை போடுவினம். நான் சாப்பாட்டுப் பக்கம் நிப்பன்."

"இவளைத் தோயவாத்த கை, தலையிழுத்து விட்ட கை, காய்ச்சலிலை இரவிரவாப் பிடிச்சுக்கொண்டிருந்த கை. நாளைக்கு மட்டும் அதிலை என்ன ஒட்டிக்கிடக்கு, சொல்லுங்கோ. என்ரை கை கூடாதெண்டு நீங்களே சொன்னால், பேந்து உங்கடை கைக்கு ஆரக்கா கதைக்கிறது?"

ஜெயனி அழத் தொடங்கினாள். கண்ணைத் துடைக்கவும் முடியாது, நகம் ஈரம். தாய்தான் குனிந்து சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். துடைத்துவிட்டு மற்றக் கதிரையில் தொப்பென்று இருந்தாள். தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து, யாருடைய கைகளையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் ஏறி, ஓரம் வெடித்த நகங்கள். உதயகலா ஜெயனிக்கு மூன்றாவது பூச்சையும் முடித்தாள்.

குணலட்சுமி எழும்பவில்லை. மேசையைப் பார்த்தபடி வலது கையைக் கொண்டுவந்து விளக்கின் கீழே வைத்தாள்.

உதயகலா அந்த நகங்களைப் பஞ்சால் துடைத்தாள். பழைய சிவப்பில் இரண்டு துளி விட்டுச் செய்த போத்தலை எடுத்துக் குலுக்கினாள். "எத்தினை அக்கா? ஒண்டோ?"

குணலட்சுமி யோசித்தாள். வெளியே கேற்றடியில் சனம் கூடியிருப்பது அவளுக்குத் தெரியும்.

"மூண்டும் அடி" என்றாள். "காயுமட்டும் இருக்கிறன்."

மறுநாள் மண்டபத்தில் உதயகலா முன்வரிசையில் போய் இருந்தாள். எழும்பச் சொல்லுகிறவர்கள் வந்து சொல்லட்டும் என்று இரண்டு கையையும் மடியில் தெரியும்படி வைத்துக்கொண்டாள். தாலி கட்டி முடிந்து அறுகரிசி போடத் தொடங்கினார்கள். முதல் சோடி ஏறி இறங்கியது. அடுத்து ஏற வேண்டியவர்கள் விலகி நின்றார்கள், சாப்பாட்டுப் பக்கமிருந்து குணலட்சுமி வந்துகொண்டிருந்தாள். வெளிறின சேலைதான், சோடி இல்லாமல் தனியேதான் வந்தாள். மணவறைப் படியில் அருந்ததி மாமி குறுக்கே நின்றாள்.

"மச்சாள், உதென்ன கையிலை?"

"கியூட்டெக்ஸ்" என்றாள் குணலட்சுமி. "கொஞ்சம் விலத்துங்கோ."

மாமி விலகினாள். குணலட்சுமி தட்டிலிருந்து அறுகையும் அரிசியையும் கை நிறைய அள்ளி மகளின் தலையில் போட்டாள்.