நீல நிலாவுக்கு மூன்று வாக்கியம்

அவளுக்கு வேலை மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில். முன்பக்கம் கடை பளபளவென்று இருக்கும். பின்னறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கிற இயந்திரம், இவள், அவ்வளவுதான். ஃபிரேமுக்குள் லென்ஸ் சரியாக உட்கார்ந்ததா, காதில் மாட்டுகிற தண்டு இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று கண்ணருகே வைத்து வைத்துப் பார்ப்பாள். கண்ணாடியை மட்டுமா பார்ப்பாள்? யார் எங்கே போகிறார், எதற்குப் போகிறார், போனவர் ஏன் இன்னும் திரும்பவில்லை என்று ஊர்ப்பட்ட சங்கதியையும் துருவுவாள். அதனால் கடையில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்றே பெயர். அவளும் கோபித்துக்கொண்டதில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

அவளுக்கு ஒரு குறை உண்டு. இத்தனை வருஷம் இத்தனை கண்ணாடி பொருத்தினாளே, அதைப் போட்டுக்கொண்டதும் ஒரு முகம் எப்படி ஆகும் என்று அவள் பார்த்ததே இல்லை. கண்ணாடி தட்டில் ஏறி முன்னால் போய்விடும். முகம் அந்தப் பக்கமே நின்றுவிடும். அதனால்தான் முன்கவுன்டரில் உட்கார அவ்வளவு ஆசை. முதலாளியம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “வெளிநாட்டுக்காரங்க வந்து போற கடை இது. சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்புக்குப் போ. தேறிட்டன்னு டீச்சர் சொல்லட்டும், மறுநாளே முன்னாடி வந்து உக்காரு.”

போனாள். தட்டுத் தடுமாறிக் கடைசிப் பாடத்துக்கும் வந்துவிட்டாள். அன்றைக்கு டீச்சர் பலகையில் எழுதியது, ‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’. அத்தி பூத்தாற்போல என்று நாம் சொல்கிறோமே, அதைத்தான் இங்கிலீஷ்காரர்கள் நீல நிலா என்கிறார்களாம். இதை வைத்து ஆளுக்கு மூன்று வாக்கியம், அடுத்த வெள்ளிக்கிழமை எழுந்து நின்று சொல்ல வேண்டும், அதுதான் பரீட்சை.

மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். இவள் கையைத் தூக்கினாள்.

“நிலா எங்க டீச்சர் நீலமா இருக்கு? யார் பாத்தது?”

“அது ஒரு பேச்சும்மா. நீங்க அத்திப் பூவைப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல. அதையும் யார்கிட்டயாவது கேக்கணும்னுதான் இருந்தேன்.”

வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவில்லை.

“நடக்கவே நடக்காத விஷயத்துக்கு இதைச் சொல்லலாமா?”

“கூடாது. அபூர்வமாத்தான் நடக்கும், ஆனா நடக்கணும்.”

பக்கத்தில் இருந்த பேக்கரிக்காரர் அவள் பக்கம் சாய்ந்தார். “என்னத்துக்கக்கா இந்த ஆராய்ச்சி? நான் எப்பவாவது ஒரு தடவை விமானத்துல பறப்பேன்னு சொல்லப்போறேன். போய்ப் பாக்கவா போறாங்க?”

“நீங்க பறங்க தம்பி. பொருந்தாத லென்ஸைப் பொருந்துதுன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல.”

வீட்டுக்கு நடந்து வரும்போதே இரண்டு வாக்கியம் வந்து விழுந்துவிட்டன. எங்கள் கட்டடத்து லிஃப்ட் அத்தி பூத்தாற்போல வேலை செய்யும். எங்கள் முதலாளியம்மா அத்தி பூத்தாற்போலச் சிரிப்பார். இரண்டும் கண்ணால் கண்ட உண்மை. மூன்றாவதை, பார்சல் வண்டி ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள்.

“ஏங்க, நீங்க உங்க அண்ணன் வீட்டுக்கு எப்பவாவது ஒரு தடவை போவீங்கன்னு சொல்லப்போறேன்.”

“நானா? நம்ம பொண்ணு கல்யாணத்துக்கப்புறம் அந்த வாசப்படிய மிதிச்சதில்ல. மிதிக்கவும் மாட்டேன்.”

விஷயம் இதுதான். அண்ணன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். தம்பி மகளின் கல்யாணத்தில் அவர்தான் படம் எடுத்தார். குடும்பமே நிற்கிற பெரிய படத்தில் பெண்ணின் அப்பாவுக்குக் கண் மூடியிருந்தது. நீ பார்த்து எடுத்திருக்க வேண்டாமா என்று தம்பி, நீ திறந்து வைத்திருக்க வேண்டாமா என்று அண்ணன். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

“அப்ப என் வாக்கியம் பொய்யாயிடுமே” என்றாள்.

“உலகத்துல வேற வாக்கியமே கிடைக்கலையா உனக்கு?”

“கிடைக்கல.”

கிடைக்காமல் என்ன? ஆனால் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான் அவள். பிடிவாதம் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். மறுநாளும் அதையே ஆரம்பித்தாள்.

“உன் இங்கிலீஷுக்காக நான் போய் அவன்கிட்ட பல்ல இளிக்கணுமா?”

“இளிக்க வேண்டாம், பேசக்கூட வேண்டாம். போனாப் போதும். வாக்கியத்துல பேசறதப் பத்தி ஒண்ணும் இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, ஆணி அடித்தாற்போல இறுகிய முகத்தோடு அவள் பின்னால் நடந்தார்.

கதவைத் திறந்த ஓரகத்தி, திறந்த வாயை மூடவில்லை. அண்ணன் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி உட்கார்ந்து மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். இவள்தான் வந்த காரணத்தைச் சொன்னாள்.

“ஓ. என்னைப் பாக்க வரல, பரீட்சைக்கு வந்திருக்கான்” என்றார் அண்ணன். “கண்ணைத் திறந்துக்கிட்டுதான் வந்தானா?”

வந்ததும் போச்சு, இனி ஜென்மத்துக்கும் இல்லை என்று இவள் நினைத்தாள். புருஷன் எழுந்துவிட்டார். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை.

“இப்ப எடு. யார் மேல தப்புன்னு பாத்துடலாம்.”

அண்ணன் எடுத்தார். இரண்டு தலைகளும் கேமராவின் சின்னத் திரை மேல் குனிந்தன. படத்தில் தம்பி சாமியார் மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணு எடு.”

அதிலும் மூடியிருந்தது. உட்கார வைத்து, நிற்க வைத்து, திரும்ப வைத்து எடுத்தும் அந்தக் கண் மசியவில்லை. அண்ணனின் தோள் குலுங்க ஆரம்பித்தது. தம்பியும் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. ஓரகத்தி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “பாவி, இதுக்கா இத்தனை நாளு?” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாக்கியம் உண்மையாகிவிட்டது என்று இவள் நிம்மதியாக இருந்தாள். செவ்வாய்க்கிழமை புருஷன் வீட்டுக்குத் தாமதமாக வந்தார். புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“எங்கங்க போயிட்டு வர்றீங்க?”

“அண்ணன் வீட்டுக்குத்தான். இன்னைக்கும் கண்ணு மூடிடுச்சு. நாளைக்கு வேற லைட் வச்சுப் பாக்கலாங்கறான்.”

“இப்படித் தினம் போனா என் வாக்கியம் என்னாகறது?”

“நீதானே போகச் சொன்ன?”

“ஒரு தடவை போகச் சொன்னேன்.”

வெள்ளிக்கிழமை எழுந்து நின்றாள். லிஃப்டைச் சொன்னாள். முதலாளியம்மாவைச் சொன்னாள். அப்புறம் நின்றுவிட்டாள். மூன்றாவது வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? “அடிச்சு விடுங்கக்கா” என்று பேக்கரிக்காரர் கிசுகிசுத்தார். தினம் போகிறவரை எப்பவாவது போகிறவர் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முன்கவுன்டர் கைக்கு எட்டிய தூரத்தில் நிற்கிறது, டீச்சர் பேனாவோடு காத்திருக்கிறார். இவள் சொன்னதற்காக அன்று அந்த மனுஷன் சட்டை மாட்டிக்கொண்டு நடந்தது நினைவுக்கு வந்தது.

“மை ஹஸ்பண்ட் லிசன்ஸ் டு மீ ஒன்ஸ் இன் எ புளூ மூன்” என்றாள்.

அத்தி பூத்தாற்போலத்தான் என் வீட்டுக்காரர் என் பேச்சைக் கேட்பார். வகுப்பில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

“நிஜமாவா?” என்றார் டீச்சர்.

“போன ஞாயித்துக்கிழமை ஒரு தடவை கேட்டார் டீச்சர். அதுவே இப்ப அளவுக்கு மீறிப் போயிட்டிருக்கு.”

டீச்சர் இவள் பெயருக்கு எதிரே ஒரு சரிக்குறி போட்டார். தேறிவிட்டாள்.

முன்கவுன்டரில் அவள் முதலில் கண்ணாடி மாட்டிவிட்டது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாவுக்கு. மாட்டியதும் அந்த முகத்தில் புருவம் ஏறியது, நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது. அந்த அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறொருத்தியாக இருந்தால் பில் போட்டிருப்பாள். இவள் மேசையில் முழங்கையை ஊன்றி முன்னால் குனிந்தாள். முதலில் எது தெரிந்தது என்று இங்கிலீஷில் கேட்டாள். அந்த அம்மா நெடுநேரம் பதில் சொன்னார். பாதிதான் புரிந்தது. மீதியைத் திரும்பக் கேட்டாள்.