அகத்தீனா குடித்த கடல்

கடலோர ஊரான கலாமூராவின் மீன் சந்தையில் அகத்தீனா அருவருத்து யாரும் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருடமாகக் கத்தியும் கையுமாக நிற்கிறாள். கணவாயின் மைப்பை முகத்தில் தெறித்தாலும், ஐஸ் உருகி ஊதிப்போன சூரையின் வயிற்றைக் கிழித்தாலும் மூக்கைச் சுளிக்க மாட்டாள். "செத்த மீன் நாறத்தான் செய்யும். உசிரோட இருக்கறவன் நாறுறதுதான் தப்பு" என்பாள்.

அவளுக்கென்று இருந்த ஒரே ஆடம்பரம் காலை நீச்சல். சந்தை திறக்கும் முன், துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் முடிகிற பாறையில் இறங்கி, சிவப்பு மிதவை வரை போய்த் திரும்புவாள். ஏழு வயதில் தொடங்கியது. கல்யாணத்தன்று காலையிலும் போனாள். ஈரத் தலையோடு கோயிலுக்கு வந்தவளைப் பார்த்து, மேலோ என்கிற பஸ் ஓட்டும் மாப்பிள்ளை, "எனக்கு முன்னாலயே ஒருத்தனைக் கட்டிட்டு வந்திருக்கா" என்றான்.

ஆகஸ்ட் வந்தால் நாலாயிரம் பேர் வாழும் ஊரில், விடுமுறைக்கு வருகிறவர்களோடு இருபதாயிரம் பேர். கடற்கரையில் மணல் தெரியாது. வெந்து சிவந்த முதுகுகள், அதன்மேல் வழியும் எண்ணெய், ஈ மொய்க்கும் தர்ப்பூசணித் தோல். குழந்தையின் அரைத்துணியை மணலில் புதைத்து, மேலே காலால் தட்டிச் சமன் செய்துவிட்டுப் போவார்கள். அகத்தீனா பாதையை மாற்றிச் சுற்றிப் போவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மிதவையைத் தொட்டுத் திரும்பும்போது, மூச்சுக்காகத் திறந்த வாயில் ஏதோ மெத்தென்று ஏறியது. துப்புவதற்குள் ஒரு மடக்கு இறங்கிவிட்டது. கண்ணைத் திறந்தால் சுற்றிலும் மஞ்சள் நுரை. நுரைக்குள் மிதந்தது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு குடலே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள்.

வீட்டில் உப்பு போட்டு, எலுமிச்சை போட்டு, வினிகர் ஊற்றி வாயைக் கழுவினாள். நாக்கைப் பல் துலக்கும் பிரஷால் ரத்தம் வரத் தேய்த்தாள். ருசி போகவில்லை.

படகுகளைக் கரையில் கட்டுகிற சாரோ அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவனிடம் போய் நின்றாள்.

"யாருடா?"

"அந்த வெள்ளைப் படகு. மிலானோ பட்டணத்து எஞ்சினியர். படகுக் கக்கூஸ் கழிவை உறிஞ்சி எடுக்கற மெஷின் அங்கேதான் நிக்குது. அரை மணி நேரம் வரிசையில நிக்கணும்ல? துரைக்கு முடியாது. விடியக்காலைல திறந்து விட்டுடறான்."

"பாத்துக்கிட்டு இருந்தியா?"

"நான் கயிறு கட்டறவன், அகத்தீனா. எனக்கு எதுக்கு?"

மறுநாள் விடிந்ததும் மீன்குடல் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு துறைமுகத்தில் காத்திருந்தாள். வெள்ளைப் படகின் பின்புறம் தண்ணீர் பழுப்பாகப் பொங்கிற்று. வாளியை அதில் அமிழ்த்தி, முக்கால்வாசி மொண்டுகொண்டு, பலகை வழியாக மேலே ஏறினாள். எஞ்சினியர் கல்பியாத்தியும் நண்பர்களும் காலை உணவில் இருந்தார்கள். காபி, பன், நறுக்கிய பீச் பழம். அகத்தீனா பழத்தட்டைத் தள்ளி வாளியை நடுவில் வைத்தாள்.

"என்னம்மா இது? மீனா?"

"இல்லீங்க ஐயா. உங்களோடதுதான். நேத்து நான் ஒரு வாய் குடிச்சேன். இன்னிக்கு உங்க முறை."

ஒருத்தர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். எஞ்சினியர் மட்டும் சிரித்தார். "கடல் எவ்வளவு பெருசும்மா! இதெல்லாம் கலந்து கரைஞ்சு போயிடும்."

"அப்ப இந்தக் காபியில ஒரு சொட்டு விடட்டுமா? அதுவும் கரையும்."

அப்போதுதான் அவருடைய மகள், இருபது வயதிருக்கும், படகின் ஏணியில் நீந்தி ஏறி வந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, உதட்டை நக்கிக்கொண்டே மேசைக்கு வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். படகின் ஓரத்துக்கு ஓடிக் குனிந்தாள்.

அகத்தீனாவுக்கு அந்தப் பெண் மேல் பரிதாபம் வந்தது. வாளியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினாள். நடுப்பகலுக்குள் படகு போய்விட்டது.

மதுக்கடையில் அவளுக்குக் கைதட்டல். சாரோவும் வந்து தோளைத் தட்டினான். "பிரமாதம்! ஆனா திரும்பப் பாறையில இறங்காதே, கேட்டியா?"

"ஏன்? அவன்தான் போயிட்டானே."

சாரோ கண்ணாடிக் குவளையைத் திருப்பிக்கொண்டே இருந்தான். "ஆகஸ்ட்ல ஊர்க் கழிவுத் தொட்டி நிரம்பிடுது. பாறைக்கு அடியில ஒரு குழாய் இருக்கு. ராத்திரியில திறந்து விடுவாங்க."

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு, பன்னெண்டு..."

"உனக்குத் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும்மா. வெளிய சொன்னா யாரு வருவா இந்த ஊருக்கு? உன் மீனை யாரு வாங்குவா?"

கடையில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மிலானோக்காரனைப் பார்த்து வந்த குமட்டல் அவளுக்கு ஒன்றுமே இல்லை என்றாயிற்று. இவர்கள் தினமும் அவள் பாறைக்குப் போவதைப் பார்த்து, கையசைத்து, 'தண்ணி எப்படி இருக்கு?' என்று கேட்டவர்கள்.

அன்று மாலையே சிவப்புப் பெயின்ட் வாங்கி, அலைத்தடுப்புச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதினாள்: இங்கே ஊரின் மலம் கலக்கிறது. கீழே குழாயைக் காட்டி ஓர் அம்புக்குறி. காலையில் நகர மன்றத்து ஆட்கள் வெள்ளையடித்தார்கள். மாலையில் அவள் மறுபடி எழுதினாள். புருஷன் மேலோ ஏணியைப் பிடித்துக்கொண்டான். மூன்று தடவை அழித்தார்கள். நாலாவது தடவை அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

சந்தையில் பாதிப் பேர் அவளிடம் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள். சாரோ வந்தால் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

செப்டம்பர் முதல் வாரம் ஒரு வெளியூர்க் குடும்பம் அந்த எழுத்துக்கு முன்னால் நின்று மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டது. தகப்பன் எழுத்தை உரக்கப் படித்தார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பாறையிலிருந்து குதித்தார்கள்.