ஓட்டை இல்லாத டின்னில் முள்ளங்கி

என் கணவருக்கு ஓட்டை என்றாலே ஆகாது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு டிரம் செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலையே அதுதான். டிரம்முக்குள் காற்றை அடைத்து, மேலே சோப்புத் தண்ணீர் தடவி, எங்காவது குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பார். கிளம்பினால் அந்த டிரம்மை ஒதுக்கிவிடுவார். வீட்டிலும் அதே கண். குடம் கசிந்தால்கூட அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனுஷர் எண்ணெய் டின்னில் முள்ளங்கி போட்டார்.

எழுபதுகளில் நாங்கள் கவரைப்பேட்டையில், ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். முற்றம் முழுக்க சிமெண்டு. திருவாலங்காட்டுப் பக்கம் நிலம் வைத்திருந்த என் மாமனார், மகன் ஏரை விட்டுக் கம்பெனிக்குப் போனதை மன்னிக்கவே இல்லை. ஒருமுறை வந்தவர் சிமெண்டைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"ஒரு முள்ளங்கி வெளையாத எடத்துல இன்னாடா குடித்தனம்? பொங்கலுக்கு வருவேன். அதுக்குள்ள எதுனா வெளைஞ்சா சரி. இல்லேன்னா மூட்டை கட்டிக்கினு ஊருக்கு வந்து சேருங்க."

இவர் அப்பா பேச்சைத் தட்டியதே கிடையாது. எனக்கோ அந்த ஊர் ஆகவே ஆகாது. அங்கே மூன்று ஓரகத்திகள், ஒரே அடுப்பு. இங்கே எனக்கென்று ஓர் அடுப்பு, நானே பூட்டித் திறக்கும் ஒரு கதவு. அதை விட்டுப்போக எனக்குத் துளியும் மனமில்லை.

காலி எண்ணெய் டின்களை வாங்கி வந்தார். மண்ணைப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று சோதித்தார். ஒழுகிய இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நல்லதாக இரண்டு வாங்கி வந்தார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முள்ளங்கி முளைத்தது, நான்கு இலை விட்டது, அப்புறம் இலை மஞ்சளாகி வளராமல் நின்றுவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் எலி வால்.

வைத்தியம் சொல்ல ஆளா இல்லை? பக்கத்து வீட்டக்கா, "கண்ணு பட்டுக்கீது" என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். எதிர்வீட்டுக்காரர் யூரியா போடச் சொன்னார். போட்டதும் மிச்சமிருந்த செடியில் பாதி கருகியது. இவர் பங்குக்கு, ஷிப்டு முடிந்து வந்து இன்னும் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினார். பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் எண்ண ஆரம்பித்தேன்.

ஒருநாள் பெருக்குவதற்காக ஒரு டின்னைச் சாய்த்தேன். சாக்கடை நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் கொட்டியது. பாவம், செடி வளரவில்லை, முழுகிக்கொண்டிருந்தது. இவரிடம் சொன்னால் நல்ல டின்னைக் கெடுக்க விடுவாரா? வேலைக்குப் போன நேரம் பார்த்து ஆணியையும் அம்மிக் குழவியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு டின்னின் அடியிலும் கை ஓயும்வரை ஓட்டை போட்டேன். மண்ணைக் காயவைத்து, மணலும் சாணித்தூளும் கலந்து, செங்கல்மேல் டின்னைத் தூக்கி வைத்து மறுபடி விதைத்தேன். நெருக்கமாக முளைத்ததைக் களைந்தேன். "மறுபடி விதை போட்டுக்கீறேன்" என்று மட்டும் இவரிடம் சொன்னேன்.

பொங்கலுக்கு மாமனார் வந்தார். ஒரு முள்ளங்கியைப் பிடுங்கினார். மணிக்கட்டுப் பருமன், வெள்ளை வெளேரென்று இருந்தது. வேட்டியில் துடைத்துப் பச்சையாகவே கடித்தார்.

"பலேடா! உன் கை வெவசாயி கை. இதை வெச்சுக்கினு டப்பாவுக்கு சோப்பு தடவிக்கினு கீறியே? கெளம்பு. மேட்டு நெலம் இனிமே உனுக்குத்தான்."

விளையாவிட்டாலும் ஊருக்குப் போக வேண்டும், விளைந்தாலும் போக வேண்டும் என்றால் நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது? இவர் முகத்தைப் பார்த்தேன். அப்பா வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையை அதுவரை அவர் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பூரித்து நின்றார். 'சரி நைனா' என்று சொல்லிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

அவர் குனிந்து ஒரு டின்னைச் சாய்த்து அடியைக் காட்டினார்.

"எனுக்கு இதெல்லாம் வராது நைனா. நான் வெச்சது பூரா அழுகிப்போச்சு. இது அவ ஓட்டை போட்டு வெளைய வெச்சது."

மாமனார் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"த்தூ! அப்ப நீ டப்பாவையே கட்டிக்கினு அழு" என்று முள்ளங்கியைத் தரையில் போட்டார். முள்ளங்கிச் சாம்பாரை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ரயிலேறினார். அதன்பிறகு எங்களை ஊருக்குக் கூப்பிடவில்லை.

"ஓட்டையை எப்ப பாத்தீங்க?" என்று இவரைக் கேட்டேன்.

"போட்ட அன்னிக்கே" என்றார்.

எனக்கு வீடு நிலைத்துவிட்டது. அதற்காக அப்பாவிடம் கிடைத்த ஒரே நல்ல வார்த்தையை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது, அன்று ராத்திரி சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் தட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. சோறு முழுக்க இறங்கியிருந்தது. முள்ளங்கித் துண்டுகளை மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்.